பொதுப்பள்ளியும் தனித்தேவையுடைய மாணாக்கரும்

நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர் தமது பொதுப்பாயிரத்தில் மாணாக்கர் இலக்கணம் கூறுமிடத்து, அவரை அன்னமும் ஆவும் போல்வார், மண்ணும் கிளியும் போல்வார், இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வார் என முத்திறப்படுத்திக் காட்டுதல் தமிழ் பயின்றார் யாவரும் அறிந்ததே. அதனையடுத்து, இன்னின்னார்க்கு நூல் சொல்லலாகாது என்று நீண்டதொரு வரிசையும் தருகின்றார். கள்ளுண்பான், சோம்பன், செருக்குடையான், கள்வன், சினமுடையான் என்று செல்லும் அவ்வரிசையில் நோயாளியும் மந்தபுத்தியுடையானும் சேர்க்கப்பட்டுள்ளனர். கள்வனையும் சினத்தானையும் விலக்கியதற்கு நியாயங் கூறலாம். அவை அவரவர் ஒழுக்கத்தின்பாற்பட்டவை. நோயுற்றவனும் அறிவு மந்தித்தவனும் செய்த குற்றம் யாது? மாணவப் பருவத்தில் இவ்வினாவை எம் தமிழாசிரியரிடம் கேட்டோம். அவர் சிறிதுநேரம் வாளாவிருந்து, “அதே பாயிரத்தில் பாடஞ்சொல்லும் முறை பற்றிய சூத்திரத்தையும் எடுத்துப் படி” என்றார். அச்சூத்திரமோ, கற்பவன் எவ்வாறு கொள்ள வல்லானோ அவ்வாற்றை முன்னர் அறிந்து, அவன் உள்ளத்திற் பதியும்படி, மனக்கோட்டமின்றி ஆசிரியன் கற்பித்தல் வேண்டும் என்று கூறுகின்றது. ஒரே பாயிரத்தினுள்ளே கதவை அடைக்கும் விதியும் அதனைத் திறக்கும் விதியும் சில சூத்திர இடையீட்டில் நிற்கின்றன.

கண் காணாதவர், செவி கேளாதவர், கை கால் வழங்காதவர், அறிவு வளர்ச்சி தாமதப்பட்டவர், எழுத்தை வாசிப்பதில் மட்டும் தடையுடையவர், பிறரோடு கலந்து பழகுதல் அரிதாகிய ஆட்டிசம் என்னும் நிலையுடையவர் ஆகிய பிள்ளைகளை ஏனைய பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்த்திக் கற்பித்தல் தகுமா, இயலுமா என்பது பற்றி நம் ஊர்களில் இன்றும் வழக்காடுகின்றனர். அவ்வழக்கில் ஒரு சாரார் பவணந்தியாரின் பிந்திய சூத்திரத்தைத் தம்மை அறியாமலே பேசுகின்றனர். மறுசாரார் முந்திய சூத்திரத்தைப் பேசுகின்றனர். யாம் எச்சாரார் என்பதைச் சொல்லுமுன், எமது பிழையொன்றைச் சொல்லிவிடுதல் நேர்மையாகும்.

ஆசிரியத் தொழிலிற் புகுந்த முதலாண்டில், கடற்கரையூர் ஒன்றன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவ்வகுப்பில் மீனவர் குலத்துச் சிறுவன் ஒருவன் இருந்தான். கச்சான் காற்று எப்பொழுது திரும்பும், வாடையில் எந்த மீன் படும், கொண்டல் வீசினால் மரத்தை எப்பக்கம் சாய்த்துத் தள்ளவேண்டும் என்பனவெல்லாம் அவனுக்கு மனப்பாடம். மீன் விற்ற காசை மனத்தாலேயே பங்கிட்டுச் சொல்வான்; அதில் எம்மினும் விரைவுடையவன். புத்தகத்தைக் கையிற் கொடுத்தாலோ நாவெழாது. “படகேறி” என்பதைப் “படேகறி” என்று வாசிப்பான். வகுப்பு முழுதும் நகைக்கும். யாமும் நகைத்ததுண்டு. அவன் சோம்பல் காரணமாகவே வாசிக்கவில்லை என்று தீர்மானித்து, பத்து முறை எழுதிவரச் செய்தோம். பத்து முறையும் பிழையாகவே எழுதிவந்தான். பிரம்பும் எடுத்தோம். ஆண்டிறுதிக்கு முன்னரே அவன் தந்தையோடு கடலுக்குப் போகத் தொடங்கினான். எவரும் அவனைத் தேடிச் செல்லவில்லை, யாமும் செல்லவில்லை.

அவன் வாசித்ததில் ஒரு நியாயம் இருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே எமக்கு விளங்கிற்று. தமிழெழுத்தை உற்றுநோக்குவீராயின் நீங்களும் காண்பீர். ககரத்தின்மேல் ஏகாரம் ஏறும்போது வாய் முதலிற் ககர ஒலியைச் சொல்லி, அதன்பின் ஏகாரத்தைச் சொல்லுகின்றது. கையோ இரட்டைக்கொம்பை முதலில் இட்டு, அதன்பின் ககரத்தை எழுதுகின்றது. ஒகர ஓகாரங்களிலோ உயிர்க்குறி இரண்டாகப் பிளந்து, மெய்யின் முன் ஒரு பாதியும் பின் ஒரு பாதியுமாக நிற்கின்றது. இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாய் வாசிக்கவேண்டும் என்று கற்பித்தவர் நாமே. அச்சிறுவன் அவ்வாறே வாசித்தான். டகரத்தை அடுத்து நின்ற கொம்பை டகரத்தோடு சேர்த்தான். பெரும்பாலான பிள்ளைகள் சில மாதங்களில் இம்முரணைத் தாண்டிவிடுகின்றனர். ஒரு சிலர், அறிவிற் குறைவிலராயினும், நெடுங்காலம் தாண்டமாட்டார். இதனை டிஸ்லெக்ஸியா என்றும் கற்றல் குறைபாடு என்றும் வழங்குகின்றனர். ணகர னகர நகரங்களும், லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும் இவர்க்குப் பெரிதும் மயங்கும். 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்து, ணா, றா, னா என்பவற்றின் சுழித்த வடிவங்களையும், ணை, லை, ளை, னை என்பவற்றின் துதிக்கை வடிவங்களையும் நீக்கி ஒரே முறைப்படுத்தியபோது அச்சுத்தொழிலுக்கு நன்மை என்றே பலரும் பேசினர். இத்தகைய பிள்ளைகளுக்கும் அது ஒரு சிறு உபகாரமே.

இங்கே வியப்பான செய்தி ஒன்றுண்டு. பிரெஞ்சு நாட்டு லூயி பிரெயில் 1829-இல் வெளியிட்ட ஆறுபுள்ளி எழுத்துமுறையைத் தழுவி, இந்திய மொழிகளனைத்திற்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் என்னும் முறை 1951-இல் வகுக்கப்பட்டது. அதில் உயிர்க்குறிகள் மெய்யின் பின்னரே, ஒலிக்கும் வரிசையிலேயே வரும். முன்கொம்பும் இல்லை, பிளந்த குறியும் இல்லை. ஆகவே கண்ணில்லாத பிள்ளை விரலாற் படிக்கும் தமிழ், கண்ணுள்ளார் படிக்கும் தமிழைக் காட்டிலும் ஒழுங்குடையதாய் இருக்கின்றது. குறைபாடு என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு பிள்ளையினுடையது, எவ்வளவு பங்கு நாம் கற்பிக்கும் கருவியினுடையது என்று எண்ணிப் பார்க்க இவ்வோர் எடுத்துக்காட்டே போதும்.

கண்ணில்லாதார்க்குக் கல்வி புதிதன்று என்பதை நம் இலக்கிய வரலாறே காட்டும். பதினேழாம் நூற்றாண்டினராகிய அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வையற்றவர். அவர் தமது முதுகில் எழுத்துக்களை எழுதச் செய்து வடிவறிந்து கற்றார் என்பர். இரட்டைப் புலவர் இருவருள் ஒருவர் காலில்லார், ஒருவர் கண்ணில்லார். முன்னவரைப் பின்னவர் தோளிற் சுமக்க, முன்னவர் வழிகாட்ட, இருவரும் ஊர்தோறுஞ் சென்று பாடினர் என்பது வரலாறு. பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இளமையில் அம்மை நோயாற் கண்ணிழந்தவர். இவர்களை எடுத்துக்காட்டி, “மனம் இருந்தால் போதும்” என்று மேடையில் முழங்குவாரோடு யாம் உடன்படோம். முதுகில் எழுதிக் காட்ட ஒருவர் இல்லையாயின் வீரராகவர் இல்லை. அவ்வாசிரியர் பெயர் நமக்குத் தெரியாது.

தொட்டறிந்து கற்றல் நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஏனைப் பிள்ளைகளுக்கும் உரியதாகவே இருந்தது. தரையில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிப்பர், வாய் அவ்வெழுத்தை ஒலிக்கும், கண் காணும், செவி கேட்கும், விரல் மணலின் உராய்வை உணரும். சென்னை எழும்பூரில் படைவீரரின் அநாதைச் சிறுவர்க்கான விடுதியை 1789 முதல் நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு, அம்முறையைத் தமது பள்ளியிற் புகுத்த விரும்பினார். உதவி ஆசிரியர்கள் இசையாமையால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே கற்பிக்கும்படி அமர்த்தினார். அவன் திறம்படக் கற்பித்தான். நம் சட்டாம்பிள்ளை வழக்கமே அது. பெல் 1797-இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட, மதராசு முறை என்னும் பெயரால் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. வாசிப்புத் தடையுடைய பிள்ளைகளுக்கு எழுத்தைக் கண், செவி, விரல் மூன்றாலும் ஒருங்கே பதிப்பித்தல் வேண்டும் என்று மேல்நாட்டார் பின்னாளிற் கண்ட முறையும், மரியா மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களைக் குழந்தைகளைத் தடவச் செய்த முறையும் இம்மணலுக்கு உறவினவே. அவ்வம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்ததும் நினைக்கத்தக்கது. எம் கடற்கரைப் பள்ளியின் வாயிலிலேயே மணல் கிடந்தது. அச்சிறுவனை அங்கே அழைத்துச் சென்று விரல்பிடித்து எழுதுவிக்க எமக்குத் தோன்றவில்லை.

திண்ணைப் பள்ளியைப் புகழ்ந்துவிட்டோமென்று எவரும் எண்ணற்க. அங்கே தண்டனைகள் கொடியன. பெண்மக்களுக்கு இடம் அரிது. தாழ்த்தப்பட்ட குலத்தார் திண்ணைமேல் ஏறவும் இயலாது. எனினும் ஒரு சிறப்பு அதற்குண்டு. ஒருவன் அரிச்சுவடியில் இருப்பான்; பக்கத்திலிருப்பவன் எண்சுவடியில் இருப்பான்; மற்றொருவன் நிகண்டு ஒப்பிப்பான். எல்லோரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைத் திருப்பவேண்டும் என்னும் நியதி அங்கு இல்லை. வயதுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு பாடத்திட்டம், ஆண்டிறுதியில் ஒரு பரீட்சை என்னும் அமைப்பு நம் நாட்டில் உதவிநன்கொடையோடும் பரீட்சாதிகாரிகளோடும் வந்து ஊன்றியது. அதனால் விளைந்த நன்மைகள் பல. ஆயின், அணிவகுத்து நடக்கும் படையில் ஒருவன் பின்தங்குவது போல, வகுப்பிற் பின்தங்குதல் என்பதும் அதனோடுதான் பிறந்தது.

அணிவகுப்பைத் தளர்த்த இயலாதா எனின், தமிழ்நாட்டிலேயே அது செய்து பார்க்கப்பட்டது. ஆந்திர நாட்டு ரிஷிவேலிப் பள்ளியாரின் அனுபவத்தைக் கொண்டு, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டு, 2007-08-ஆம் கல்வியாண்டளவில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிற்று. பாடம் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. கற்றல் ஏணி ஒன்று சுவரில் தொங்கும். பிள்ளை தான் நிற்கும் படியினின்று அடுத்த படிக்குத் தன் வேகத்தில் ஏறும். நோய்ப்பட்டுப் பத்து நாள் வாராத பிள்ளை வகுப்பு சென்ற இடத்திலன்றித் தான் விட்ட இடத்திலேயே மீண்டும் தொடங்கும். அறிவு வளர்ச்சி மெதுவாகிய பிள்ளைக்கு இதனினும் ஏற்ற முறை அரிது. அம்முறையின் குறைகளும் பலராற் பேசப்பட்டன. ஓராசிரியரே பல வகுப்புக்களையும் நடத்தும் பள்ளிகளில் அட்டைகளை அடுக்குவதிலேயே பொழுது போயிற்று என்றாருமுளர். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் இயக்கத்தில் ஒரே வகுப்பினுள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிள்ளைகளைப் பகுத்துக் கற்பிக்கும் ஏற்பாடும் இவ்வெண்ணத்தின் வழிவந்ததே. எம் கருத்தில், தனித்தேவையுடைய பிள்ளை பொதுவகுப்பில் நிலைப்பதும் நிலையாமையும் பெரும்பாலும் இவ்வொன்றைப் பொறுத்தது: அவ்வகுப்பு ஒரே வேகத்தில் நடக்கின்றதா, பல வேகங்களுக்கு இடங்கொடுக்கின்றதா என்பது.

சட்டங்களைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். போருக்குப் பிந்திய கல்வி வளர்ச்சி பற்றி 1944-இல் சார்ஜண்டு அறிக்கை வந்தபோதே, இயலுமிடத்தெல்லாம் இப்பிள்ளைகளை மற்றவரினின்று பிரித்தலாகாது என்னும் கருத்து அதில் இடம்பெற்றது. கோத்தாரிக் குழுவினரும் அதனை வலியுறுத்தினர். 1974-இல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தது. 1994-இல் ஸ்பெயின் தேசத்துச் சலமான்கா நகரில் 92 அரசாங்கத்தாரின் பிரதிநிதிகள் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் பொதுப்பள்ளியே ஏற்றல் வேண்டும் என்று அறிக்கை செய்தனர். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளையே கணக்கிட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை இருபத்தொன்றாக்கிற்று. எம் மீனவச் சிறுவனுக்கிருந்த வாசிப்புத் தடை முந்திய சட்டத்தில் இல்லை. பிந்திய சட்டத்தில் உண்டு. அதன்படி, குறிப்பிட்ட அளவு குறையுடைய பிள்ளை ஆறு முதல் பதினெட்டு வயதுவரை, அண்மையிலுள்ள பொதுப்பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்க உரிமையுடையது.

சட்டம் இவ்வாறிருக்க, பெற்றோர் சிலர் இன்றும் கூறுவது யாதெனின், “அந்தப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் எங்கள் பிள்ளையின் படிப்புக் கெடும்” என்பதே. இச்சொல் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1820-ஐ ஒட்டி நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சார்ந்த அம்மையார்கள் பெண்மக்களுக்குப் பள்ளி வைத்த காலத்தில், பெண் படித்தால் குடும்பம் கெடும் என்றனர். திருவிதாங்கூர் அரசு 1907-இல் புலையர் பிள்ளைகளைப் பள்ளிகளிற் சேர்க்க ஆணையிட்டபின்னும் பல பள்ளிகளின் கதவு திறக்கவில்லை. நம் விளவங்கோட்டெல்லைக்கு அப்பால், நெய்யாற்றின்கரையை அடுத்த ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யங்காளி அழைத்துச் சென்று பெஞ்சியில் அமர்த்தியபோது, கலகம் மூண்டு பள்ளிக்கூடமே எரிந்தது. பஞ்சமியின் பக்கத்தில் இருந்தமையால் எவர் படிப்பும் கெடவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டோடு இணைந்த நமது கன்னியாகுமரி மாவட்டம், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 91.75 பேர் எழுத்தறிவுடையராய் மாநிலத்தில் முதலிடம் பெற்றதென்றால், அது ஒவ்வொரு காலத்தும் எவரேனும் ஒருவர் இச்சொல்லைப் பொருட்படுத்தாமல் கதவைத் திறந்தமையால் வந்த பயனே. இனி எஞ்சியிருப்பவருள் இப்பிள்ளைகளும் உளர்.

ஆயினும் ஓரிடத்தில் யாம் தயங்குகின்றோம். செவி கேளாத பிள்ளையின் செய்தி மற்றவற்றைப் போன்றதன்று. கண்ணில்லாத பிள்ளைக்கு வகுப்பிற் பேசப்படும் மொழி காதில் விழுகின்றது. செவியில்லாத பிள்ளைக்கு மொழியே கிட்டவில்லை. நாற்பது பேர் நடுவே, ஒருவரேனும் சைகைமொழி அறியாத வகுப்பில் அப்பிள்ளையை அமர்த்திவிட்டுச் சேர்த்துக்கொண்டோம் என்று மகிழ்தல் பேதைமை. அக்குழந்தை அங்கே முன்னினும் தனித்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் செவிப்புலனற்றோர்க்கும் பள்ளிகள் நிறுவினர். கேளாத பிள்ளைகள் பலர் ஒருங்கு கூடும் அத்தகைய இடத்தில் சைகைமொழி தானாகவே தழைக்கின்றது. மூத்த பிள்ளையிடமிருந்து இளைய பிள்ளை கற்கின்றது. பொதுப்பள்ளி வேண்டும் என்பதற்காக அச்சிறப்புப் பள்ளிகளை மூடவேண்டும் என்பாரோடு யாம் சேரோம். அவற்றிலுள்ள ஆசிரியர்களே பொதுப்பள்ளிக்குச் சென்று வழிகாட்டத் தக்கவர்கள். சிறிது கேட்கும் திறனுடையவர், செவிக்கருவி பொருத்தியவர், இளமையிலேயே உட்செவி அறுவைச் சிகிச்சை பெற்றவர் ஆகியோர்க்குப் பொதுவகுப்பு பெரிதும் பொருந்தும். ஆசிரியர் கரும்பலகையை நோக்கிப் பேசாதிருக்க வேண்டும், சாளரத்துக்கு முதுகு காட்டி நில்லாதிருக்க வேண்டும், அவ்வளவே. வெளிச்சம் ஆசிரியர் முகத்தில் விழுந்தாலன்றி உதடு தெரியாது.

பொதுவும் சிறப்பும் ஒன்றாய்க் கலந்ததொரு பள்ளியைக் காண விரும்புவோர் நம் எல்லைக்கப்பால் வெகுதொலை செல்லவேண்டுவதில்லை. தென்காசியை அடுத்த ஆய்க்குடியைச் சார்ந்த இராமகிருஷ்ணன் என்பவர், பொறியியல் மாணவராயிருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்கான பயிற்சியில் வீழ்ந்து முதுகுத்தண்டு முறிந்து, கழுத்துக்குக் கீழ் உடல் இயங்காதவரானார். உலக ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981-இல் சில பிள்ளைகளைக் கொண்டு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைநோயுடைய கணக்காயர் சங்கரராமன் 1992-இல் அவரோடு சேர்ந்தார். அங்குள்ள சிவசரஸ்வதி வித்யாலயாவில் குறையுடைய பிள்ளைகளும் குறையில்லாத பிள்ளைகளும் ஒருங்கே பயில்கின்றனர். இராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் அமர்ந்த ஒருவரே அமைத்த பள்ளியாதலின், அங்கே வாயிற்படி முதற்கொண்டு யாவும் சக்கர நாற்காலியை முன்னிட்டே எண்ணப்படும். பிற பள்ளிகளில் கட்டடம் முடிந்தபின், ஆய்வாளர் வருகிறார் என்று கேட்டுச் சாய்தளம் ஒன்றை ஒட்டுகின்றனர்.

சாய்தளம் பற்றி ஒரு சொல். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது அளவு. நம் மாவட்டத்தில் பழைய பள்ளிகளுக்கு மழைக்கஞ்சி அடித்தளத்தை உயர்த்திக் கட்டியுள்ளனர். கல்குளம் விளவங்கோடு பகுதிகளிலோ பள்ளிகள் பல குன்றுச் சரிவுகளிலேயே நிற்கின்றன. நாலடி உயரத்துக்கு நாற்பத்தெட்டடி நீளம் விட இடமில்லையென்று எட்டடியில் முடித்துவிடுவர். அது ஏறுவதற்குரிய வழியன்று, சறுக்குமரம். இருபருவ மழையும் பெய்யும் நாட்டில் அதன்மேற் பாசியும் படர்ந்துவிடும். பத்து வயது மகனை இடுப்பிற் சுமந்து அதன் ஓரத்துப் படிகளில் ஏறும் தாய்மாரை யாம் கண்டிருக்கின்றோம்.

மாவட்டத்தின் ஒன்பது வட்டாரங்களுக்கும் வட்டார வள மையங்கள் உள்ளன. அங்குள்ள சிறப்பாசிரியர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று வருகின்றனர். இயன்முறை மருத்துவரும் குறித்த நாட்களில் வருகின்றார். ஒருவர் பல பள்ளிகளுக்குப் பொறுப்பு. அவர் வாராத நாட்களில் அப்பிள்ளைக்கு ஆசிரியர் யார்? “அது சிறப்பாசிரியர் பிள்ளை” என்று வகுப்பாசிரியர் கூறக் கேட்டிருக்கின்றோம். இச்சொல்லைக் காட்டிலும் எம்மை வருத்துவது பிறிதில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் உண்டு, வகுப்பில் ஆசிரியர் இல்லை என்பதே அதன் பொருள். கடுமையான பல்குறையுடைய பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்கலாம் என்று கல்வியுரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. படுக்கையை விட்டெழ இயலாத பிள்ளைக்கு அது தக்கதே. ஆனால் சக்கர நாற்காலியும் ஓர் ஆட்டோவும் கிடைத்தாற் பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளையையும் அவ்வேட்டிற் சேர்த்துவிடுதல் யாவர்க்கும் எளிதாயிருக்கின்றது. பெற்றோர்க்கு அலைச்சல் இல்லை, தலைமையாசிரியர்க்குத் தொல்லை இல்லை, கணக்கும் சரியாயிருக்கும். அப்பிள்ளையின் விருப்பத்தை எவரும் கேட்பதில்லை.

மற்றொரு மயக்கமும் எல்லைப்புற நாடாகிய நமக்கு உண்டு. வீட்டில் மலையாளமும் தமிழும் கலந்து பேசும் பிள்ளை, பாடநூல் தமிழைக் கண்டு திகைப்பது இயல்பு. அதனைக் கற்றல் குறைபாடு என்று எழுதிவிடுதல் தவறு. இரண்டு மொழியிலும் கேட்டுப் பார்த்து, ஒலிகளைப் பிரித்துச் சொல்ல வருகின்றதா என்று சோதித்த பின்னரே முடிவு கூறவேண்டும்.

அரசுப் பொதுத்தேர்வுகளில் இம்மாணாக்கர்க்குக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுவோர் உதவியும், ஒரு மொழிப்பாட விலக்கும் அளிக்கப்படுகின்றன. முன்னிரண்டும் நேரிய உரிமைகள். மொழி விலக்கைப் பற்றி மட்டும் எமக்கு ஐயம் உண்டு. ஏழாம் வகுப்பிலேயே, “எப்படியும் இவனுக்கு விலக்கு உண்டே” என்று கற்பித்தலையும் விலக்கிவிடுகின்ற ஆசிரியர் உளர்.

இவ்விதழைப் படிக்கும் மாணவ அன்பர்களுட் பலர், கல்லூரித் தேர்வுகளில் பார்வையற்ற தோழர்க்கோ, கை வழங்காத தோழர்க்கோ சொல்வதை எழுதுவோராக என்றேனும் அழைக்கப்படுவீர்கள். அதற்குச் செல்லுமுன் சிலவற்றை அறிந்துகொள்க. வினாத்தாளை முழுவதும் ஒருமுறை வாசித்துக் காட்டியபின், ஒவ்வொரு வினாவையும் அவர் வேண்டியபோது மீண்டும் வாசிக்க வேண்டும். அவர் எண்ணும்போது இடைமறித்தலாகாது. கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுதலும் ஆகாது. அவர் சொன்ன சொல்லையே எழுதுக. உமக்கு அதைவிட நல்ல சொல் தெரிந்திருந்தாலும் எழுதற்க. பெயர்ச்சொல்லில் எழுத்தையம் நேர்ந்தால் அவரையே கேட்க வேண்டும். வல்லின மெல்லின வேறுபாட்டை உம் விருப்பப்படி தீர்த்துக்கொள்ளலாகாது. படம் வரையவேண்டிய வினாவாயின் அதற்கு மாற்று வினா உண்டா என்று மேற்பார்வையாளரைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுக. இறுதியிற் கால்மணி நேரம் எஞ்சும்படி முடித்து, எழுதியவற்றைத் தலைப்பிலிருந்து வாசித்துக் காட்டுக. திருத்தச் சொன்னால் திருத்துக. அவர் வாளாவிருந்தால் பிழையென்று உமக்குத் தோன்றுவதையும் அவ்வாறே விட்டுவிடுக, ஏனெனில் விடைத்தாள் அவருடையது.